தாயாதியும் தோழனும்: நகரத்து மாயக்கதைகளிற் சகோதரத்துவம்

உடன்பிறந்தானைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் இரண்டை அருகருகே வைத்து நோக்குவோமாயின் ஒரு சமுதாய வரலாறே புலனாகும். ஒன்று, 'சகோதரன்'. ஒரே வயிற்றிற் பிறந்தவன் என்பது அதன் பொருள். மற்றையது, 'பங்காளி'. ஒரே சொத்திற் பங்குடையவன் என்பது அதன் பொருள். முன்னையது தாயை நினைவூட்டுகின்றது. பின்னையது காணி உறுதியை நினைவூட்டுகின்றது. 'தாயாதி' என்றொரு சொல்லும் உண்டு. கேட்ட மாத்திரத்தில் அதிலே தாய் இருப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அதில் இருப்பது 'தாயம்' என்னும் உரிமைச் சொத்தே. தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்று பெருமை பேசிய அதே மக்கள்தான் பங்காளிக் காய்ச்சல் என்ற தொடரையும் ஆக்கி வைத்தனர்.

இம்முரண்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. உடைமை தோன்றி, அது தந்தையிடமிருந்து மக்களுக்குக் கைமாறத் தொடங்கிய இடமெல்லாம் இதுவும் தோன்றியுள்ளது. இதனைக் கூர்மையாகக் காட்டும் இலக்கியம் எது என்று வினவின், நகரத்து மாயக்கதைகளையே நாம் முதலிற் சுட்டுவோம். கடைத்தெரு, நீதிமன்று, துறைமுகம், வாடகை அறை ஆகிய அன்றாட இடங்களிலே பூதமும் தேவதையும் மந்திர மோதிரமும் வந்து கலக்கும் கதைகளையே இப்பெயராற் குறிக்கின்றோம். 1980களில் வட அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இவ்வகைப் புனைவு தனிப்பெயர் பெற்றுப் பெருந்தொகையாக அச்சேறத் தொடங்கிற்று. ஆயினும் அதன் ஆழமான வேர்களுள் ஒன்று, பக்தாத், பஸ்ரா, கெய்ரோ முதலிய வணிக நகரங்களின் தெருக்களில் வளர்ந்த ஆயிரத்தொரு இரவுகளில் உள்ளது.

அப்பழைய நூலிலே கூடப் பிறந்த சகோதரர் பிரிந்து பகைவராகின்றனர். இக்காலப் புனைவுகளிலோ பிரிந்து கிடந்த சகோதரர் ஒருவரையொருவர் கண்டடைகின்றனர். ஒரே வகை இலக்கியத்தில் இவ்வாறு தலைகீழான மாற்றம் ஏன் நேர்ந்தது? இவ்வினாவுக்கான விடை எழுத்தாளரின் மனப்போக்கில் மட்டும் இல்லை. அவர்கள் வாழ்ந்த நகரங்களின் பொருளாதார அமைப்பிலும் உள்ளது என்பதே நமது கருத்து.

கதைத் தாளும் சாட்சிப் பத்திரமும்

ஆயிரத்தொரு இரவுகள் ஒருவர் எழுதிய நூல் அன்று. பக்தாதில் வாழ்ந்த நூல் வணிகர் இப்னு அந்நதீம், தாம் 987இல் தொகுத்த நூற்பட்டியலில் அதன் மூலமான பாரசீகக் கதைநூலைக் குறிப்பிட்டு, அது சுவையற்ற நூல் என்று தள்ளிவிடுகின்றார். கற்றோர் தள்ளியதைச் சந்தையிற் கூடியோர் காத்தனர். கதைசொல்லிகளின் நாவிலும் படியெடுப்போரின் கையிலும் அது நூற்றாண்டுகள் தோறும் வளர்ந்தது. 14ஆம் அல்லது 15ஆம் நூற்றாண்டில் சிரியாவில் எழுதப்பெற்ற ஏடு ஒன்றைக் கொண்டு அன்ரூவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞர் செய்த மொழிபெயர்ப்பு 1704 முதல் 1717 வரை வெளிவந்தது. எகிப்தியத் தொகுப்பு 1835இல் கெய்ரோவை அடுத்த பூலாக் துறையில் இருந்த அச்சகத்தில் நூலுருப் பெற்றது. கலான் பயன்படுத்திய ஏட்டை முஹ்சின் மஹ்தி ஆராய்ந்து 1984இல் பதிப்பித்தார்.

இந்நூலுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று, நபியா அபொட் என்ற ஆராய்ச்சியாளர் 1949இல் விளக்கி வெளியிட்ட ஒரு கடதாசித் துண்டாகும். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்துண்டிலே கதையின் தலைப்பும் தொடக்கமும் உள்ளன. பின்னர் அத்தாள் கைவிடப்பட்டு, வேறொருவர் கையிற் சிக்கியது. அவர் அதன் வெற்றிடங்களிலே சட்டப் பத்திரங்களுக்குரிய சாட்சி வாசகத்தை மீண்டும் மீண்டும் எழுதிப் பழகியுள்ளார். 879ஆம் ஆண்டுக்குரிய தேதி அவ்வாசகத்திலேயே காணப்படுகின்றது. மாயக்கதையும் சாட்சிப் பத்திரமும் ஒரே தாளிலே நமக்குக் கிடைத்தமை தற்செயலே. எனினும் அக்கதைகள் எவ்வகைச் சமுதாயத்தில் உலவின என்பதற்கு இதனினும் பொருத்தமான அடையாளம் வேண்டியதில்லை.

மூவாயிரம் தினார்

நூலின் சட்டகக் கதையே சகோதர பாசத்தில்தான் தொடங்குகின்றது. நெடுங்காலம் பிரிந்திருந்த தம்பி ஷாஹ் ஸமானைக் காணவேண்டும் என்று அரசன் ஷஹ்ரியார் ஏங்குகின்றான். இருவரும் தனித்தனி நாட்டை ஆளும் மன்னர்; ஒருவன் பங்கு மற்றவனுக்கு வேண்டியதில்லை. ஆகவே அங்கு பாசத்துக்குத் தடையில்லை. அரண்மனையை விட்டு இறங்கிக் கடைத்தெருவுக்கு வந்தவுடன் நிலைமை மாறிவிடுகின்றது.

ஷஹ்ரஸாத் சொல்லத் தொடங்கும் முதற்கதையிலேயே இரண்டு நாய்களுடன் ஒரு முதியவர் வருகின்றார். அந்நாய்கள் தம் உடன்பிறந்தோர் என்று அவர் கூறுகின்றார். தந்தை இறந்தபோது 3,000 தினார் இருந்தது. மூவரும் ஆளுக்கு 1,000 தினார் பெற்றுக் கடை வைத்தனர். அண்ணன்மார் பங்கை விற்று வணிகப் பயணம் சென்று வெறுங்கையோடு திரும்பினர். இளையவர் தமது ஊதியத்தை அவர்களுடன் பகிர்ந்துகொண்டார். பின்னர் மூவரும் ஒருசேரக் கடற்பயணம் சென்றனர். தமது சரக்கு பெருகியதையும், கரையிலே கண்ட ஓர் ஏழைப்பெண்ணை அவர் மணந்ததையும் கண்டு பொறாத அண்ணன்மார், உறங்கிக்கொண்டிருந்த இருவரையும் கடலில் எறிந்தனர். அப்பெண் மானிடப் பெண் அல்லள். அவளே கணவரைக் காத்து, சகோதரரை நாய்களாக்குவித்தாள். இதனையொத்த இன்னொரு கதையில், பஸ்ரா நகரத்து ஆளுநர் அப்துல்லா இப்னு ஃபாழில் என்பவர் நாய்களாகிவிட்ட தம் சகோதரரை இரவுதோறும் சாட்டையால் அடித்து, அடித்தபின் அழுகின்றார்.

இக்கதைகளிலே பூதம் பொய், கணக்கு மெய். எத்தனை தினார் இருந்தது, எத்தனை பங்காயிற்று, எவர் எவ்வளவு இழந்தார் என்பதைக் கதைசொல்லி எங்கும் மறப்பதில்லை. மந்திரம் வரும் இடத்தைக் கேட்போர் வியந்து கேட்டிருப்பர். கணக்கு வரும் இடத்தைத் தம் வீட்டுக் கதையாகவே கேட்டிருப்பர்.

இதன் சமூக அடிப்படையை நோக்குவோம். மூத்த மகனுக்கே நிலம் முழுவதையும் வழங்கிய இங்கிலாந்தின் பழைய வழக்கத்துக்கு மாறாக, இஸ்லாமியச் சட்டம் எல்லா ஆண்மக்களுக்கும் சமபங்கு வழங்கியது. மகளுக்கும் மகனுடைய பங்கிற் பாதியை உறுதி செய்தது. அக்கால நிலையில் இது நியாயமான ஏற்பாடே. ஆனால் வணிக மூலதனம் இதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் துண்டாயிற்று. மூவாயிரம் தினார் முதலுள்ள கடை ஒரே நாளில் ஆயிரம் தினார்க் கடைகள் மூன்றாயிற்று. பிரிந்தால் முதல் சிறுத்தது. சேர்ந்திருந்தால் ஒருவனுடைய நட்டம் மற்றவன் தலையில் விழுந்தது. சகோதரன் ஒருவனே அந்நகரில் முழுமையாக நம்பத்தக்க கூட்டாளியாகவும், முழுமையாக அஞ்சத்தக்க போட்டியாளனாகவும் இருந்தான்.

கதைகள் அச்சத்தைப் பதிவு செய்தன. வாழ்க்கை முழுவதையும் பதிவு செய்துவிடவில்லை. பழைய கெய்ரோவின் யூதர் ஆலயம் ஒன்றிலே குவிந்து கிடந்து, பின்னர் கோயிற்றைன் முதலிய வரலாற்றாசிரியர் ஆராய்ந்த கடிதங்களிலே வேறொரு காட்சியையும் காண்கின்றோம். தத்துவ ஞானி மைமோனிடீஸ் என்பாரின் தம்பி தாவீது ஒரு வணிகர். செங்கடற் கரையிலுள்ள ஐதாப் துறையிலிருந்து அவர் தமையனுக்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. அதன்பின் அவர் 1170ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இந்து சமுத்திரத்தில் மூழ்கி இறந்தார். இருவருடைய பணமும் பிறருடைய பணமும் அவரோடு மூழ்கின. தமையன் ஓராண்டு நோயிற் கிடந்தார். தம்பியின் மனைவியையும் சிறு மகளையும் தாங்கினார். பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் தம் துயரம் ஆறவில்லை என்று நண்பருக்கு எழுதினார். தம்பி வாணிகம் செய்ததனாலேயே தாம் கல்வியில் மூழ்கியிருக்க முடிந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். கதைகளின் அண்ணன்மாரும் இந்தத் தமையனும் ஒரே நகரத்து வணிகச் சூழலுக்கு உரியவர்களே. சொத்து சகோதரத்துவத்தை எப்போதும் கொன்றுவிடுகின்றது என்று நாம் கூறவில்லை. அதனை எப்போதும் ஆபத்தில் வைத்திருக்கின்றது என்றே கூறுகின்றோம்.

மீனவன் ஜூதரின் கதை

எகிப்தியத் தொகுப்பிலே காணப்படும் ஜூதர் கதையே இப்பொருளை முழுமையாக ஆராய்கின்றது. உமர் என்னும் வணிகருக்கு மூன்று ஆண்மக்கள். மூத்தவன் சாலிம், அடுத்தவன் சலீம், இளையவன் ஜூதர். தமக்குப் பின் இளையவனுக்குத் தீங்கு நேரும் என்றஞ்சிய தந்தை, உயிரோடிருக்கும்போதே சாட்சிகளை வைத்துச் சொத்தை நான்காகப் பிரித்தார். மூன்று பங்கு மக்களுக்கு. நான்காவது தமக்கும் தமக்குப்பின் மனைவிக்கும் என்றார். அவர் கண்மூடியதும் அண்ணன்மார் வழக்குத் தொடுத்தனர். ஒரு மன்றிலிருந்து இன்னொரு மன்றுக்கு வழக்குச் சென்றது. ஈற்றில் மூவருடைய பங்கும் நீதி வழங்குவோர் கைக்கே போயிற்று. வழக்காடியே காணி தோற்ற குடும்பங்களை நம் ஊர்களிலும் கண்டவர்களுக்கு இப்பகுதியில் மாயம் ஒன்றும் இல்லை.

அண்ணன்மார் தாயை அடித்து, அவளிடம் இருந்ததையும் பறித்துத் துரத்தினர். ஜூதர் இம்முறை வழக்காடவில்லை. வலையொன்றை எடுத்துக்கொண்டு நைல் நதிக்கும் பூலாக் துறைக்கும் சென்று மீன்பிடித்துத் தாயைக் காத்தான். பசியோடு வந்த அண்ணன்மாருக்குத் தாய் மகனறியாமல் உணவிடுவாள். ஒருநாள் அதனைக் கண்ட ஜூதர் கடிந்துகொள்ளவில்லை. அமர்ந்து உண்ணுமாறு வரவேற்றான்.

பின்னர் அவன் காரூன் ஏரிக்கரையிலே மக்ரிப் நாட்டு மந்திரவாதி ஒருவனைச் சந்திக்கின்றான். தன் கைகளைக் கட்டி ஏரியில் எறியுமாறு அவன் வேண்டுகின்றான். எறியப்பட்டவன் மாண்டுபோகின்றான். மறுநாள் இன்னொருவன் வந்து அவ்வாறே மாள்கின்றான். மூன்றாம் நாள் வந்தவன் பிழைக்கின்றான். அவனிடமிருந்து நாம் அறிவது யாதெனில், அவர்களும் சகோதரர், மொத்தம் நால்வர். தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைப் பங்கிட்டுக்கொண்ட அவர்கள், பங்கிட முடியாத ஒரேயொரு மந்திர நூலுக்காகப் பகைத்தனர். அரும்பெரும் புதையலொன்றைக் கொண்டுவருபவனுக்கே நூல் என்று தீர்ப்பாயிற்று. அந்தப் போட்டியில் விலகி நின்ற நான்காமவன் கெய்ரோவிலே வணிகனாக உயிரோடிருந்தான். ஒரு நூலை நால்வர் கூடியிருந்து படிக்கலாம் என்ற எண்ணம் அவர்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை! படிப்பதனால் நூல் குறைந்துவிடுவதில்லை என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிவர். அறிவையும் காணியைப் போலவே கருதும் மனத்துக்கு அது புலப்படுவதில்லை.

மந்திரவாதிக்கு உதவிய ஜூதர், வேண்டிய உணவையெல்லாம் வழங்கும் மாயப்பையோடு ஊர் திரும்புகின்றான். நகர வாயிலிலே அவன் தாய் பிச்சையெடுத்துக்கொண்டிருக்கின்றாள். பசியை ஒழிக்கும் பை வந்த பின்னராவது பகை ஒழிந்ததா எனின், இல்லை. உண்பதற்கு எல்லாம் கிடைத்தும் அண்ணன்மார் பையின் உரிமையையே விரும்பினர். தம்பியைச் சுயஸ் கடலிற் செல்லும் கப்பல் தலைவனுக்குத் துடுப்பு வலிக்கும் அடிமையாக விற்றனர். பின்னர் பையை யார் வைத்திருப்பது என்று தமக்குள்ளே சண்டையிட்டு, அரசனிடம் பையையும் இழந்து சிறையும் புகுந்தனர். மந்திர மோதிரம் பெற்றுத் திரும்பிய ஜூதர் அவர்களைச் சிறைமீட்டு மன்னித்தான். தான் அரசனானபோது அவர்களை அமைச்சராக்கினான். அவர்களோ அவனுக்கு நஞ்சிட்டனர். சாலிம் மோதிரத்தைக் கைப்பற்றிச் சலீமையும் கொல்வித்தான். ஜூதரின் மனைவி ஆசியா, தன்னை மணக்க வந்த சாலிமுக்கு நஞ்சிட்டு, இனி ஒருவருக்கும் உரியதாகாதபடி மோதிரத்தை உடைத்து, பையையும் கிழித்தெறிந்தாள்.

ஒரு மாயக்கதை இவ்வாறு முடிதல் அரிது. மன்னிப்புத் தோற்றது, செல்வப் பெருக்கும் தோற்றது. தனியுடைமையாக நிலைத்த மட்டில் மாயப்பொருளும் கொலைக் கருவியே என்று கண்டவள் ஆசியா ஒருத்தியே.

அலிபாபாவின் அண்ணன்

அலிபாபா கதையை அறியாதார் நம்மிடையே இலர். 1956இல் வெளிவந்த திரைப்படத்தாலும் அது தமிழரிடையே பரவியது. எனினும் அது இரு சகோதரரின் கதை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இக்கதை பழைய அரபு ஏடு எதிலும் இல்லை. ஹன்னா தியாப் என்ற அலெப்போ நகரத்து இளைஞர் 1709இல் பாரிசிலே கலானுக்குச் சொன்ன கதை இது. கலானின் நூலில் அவ்விளைஞரின் பெயர் இடம்பெறவில்லை. அவர் எழுதிவைத்த தன்வரலாறு வத்திக்கான் நூலகத்திலிருந்து 1993இல் கண்டறியப்பட்டது.

தந்தை விட்டுச்சென்ற சிறிதளவு சொத்தைக் காசிமும் அலிபாபாவும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றனர். காசிம் செல்வமுள்ள பெண்ணை மணந்து கடைக்காரனாகின்றான். அலிபாபா ஏழைப் பெண்ணை மணந்து விறகு வெட்டுகின்றான். ஒரே தாயின் மக்கள் இரு வர்க்கத்தினராகிவிட்டனர். அலிபாபாவின் மனைவி பொன்னை அளக்க அளவுபடியை இரவல் கேட்டபோது, அண்ணி அதன் அடியிலே கொழுப்பைத் தடவிக் கொடுக்கின்றாள். ஏழைக்கு அளப்பதற்கு என்ன தானியம் வந்தது என்ற ஐயமே அதற்குக் காரணம். ஒட்டி வந்த ஒரு காசினால் குகையின் இரகசியம் காசிமுக்குத் தெரிகின்றது. குகைக்குள் குவிந்த செல்வத்தில் மயங்கிய அவன், வெளியே வருவதற்குரிய சொல்லை மறந்து மாண்டான். துண்டாடப்பட்ட உடலைத் தம்பியே தேடிச் சென்று கொணர்ந்து அடக்கம் செய்தான். தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பது இங்கே இறந்த பின்னரே மெய்யாயிற்று.

பங்கு கேளாதவர்கள்

இதுவரை கூறியவற்றால் இக்கதைகள் மனித உறவிலே நம்பிக்கையற்றவை என்று கருதுதல் தவறு. உடன்பிறந்தோர் கைவிடும் ஒவ்வொரு கதையிலும், எப்பங்கும் கேளாத ஒருவர் கைகொடுக்கின்றார். அலிபாபாவின் உயிரை மீண்டும் மீண்டும் காத்தவள் மோர்ஜியானா என்னும் அடிமைப்பெண். ஷஹ்ரஸாத்தின் உயிரைக் காத்தவள், இரவுதோறும் கதை கேட்டு நின்ற தங்கை தினார்ஸாத். அவள் கேளாதிருப்பின் நூலே இல்லை. பங்குக்குரிய அண்ணன் தம்பியர் நம்பத்தகாதோராகும் நூலிலே, அடிமையும் தங்கையும் உண்மையான உடன்பிறப்பாய் நிற்கின்றனர்.

ஜூதர் கதையிலே இன்னும் எளிய ஒருவர் வருகின்றார். ஏழு நாட்கள் வலையில் ஒரு மீனும் படவில்லை. வெறுங்கையோடு திரும்பும் ஜூதர், கையிற் காசோடு ரொட்டி வாங்க மக்கள் நெருங்கி நிற்கும் போறணை ஒன்றின் முன்னால் மௌனமாக நிற்கின்றான். நிலைமையை உணர்ந்த ரொட்டிக் கடைக்காரர் கடனுக்கு ரொட்டி கொடுத்து, கறிச் செலவுக்குச் சில்லறையும் கொடுக்கின்றார். ஜூதர் தன் வலையை ஈடாக வைத்துக்கொள்ளுமாறு நீட்டுகின்றான். அவர் மறுக்கின்றார். வலை அவனுடைய கடை. அதனை வாங்கிக்கொண்டால் அவன் எதைக்கொண்டு பிழைப்பான் என்பதே அவர் கூறும் காரணம். அடுத்தடுத்த நாட்களிலும் அவர் அவ்வாறே கொடுத்தனுப்புகின்றார்.

அவர் மந்திரம் அறியாதவர். கதையில் அவருக்கு வேறு பெருமையும் இல்லை. ஆயினும் உழைப்பவனிடமிருந்து உழைப்புக் கருவியைப் பறித்தல் ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார். தம்பியின் பையைப் பறித்த அண்ணன்மாரையும், அயலானின் வலையைத் தொட மறுத்த இந்தக் கடைக்காரரையும் ஒரே கதைக்குள் வைத்த பெயரறியாத கதைசொல்லியை நாம் வணங்கவேண்டும். தாயாதி விட்ட இடத்தைத் தோழன் நிரப்புகின்றான். நகரம் என்பது உறவினர் கூட்டம் அன்று. தொழில் செய்வோர் கூட்டம் என்பதை அக்கதை உணர்ந்திருந்தது.

புதிய நகரமும் புதிய ஏக்கமும்

கைத்தொழிற் புரட்சி நகரத்தையே மாற்றியது. 1845இல் வெளியிட்ட நூலிலே இங்கிலாந்தின் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த எங்கெல்ஸ், இலண்டன் தெருக்களில் இலட்சக்கணக்கானோர் தமக்குள் பொதுவானது எதுவுமே இல்லாதவர்போல ஒருவரையொருவர் கடந்து விரைவதைக் கண்டு வருந்தினார். அந்நகரத்து உழைப்பாளிக்குத் தந்தை விட்டுச்செல்லக் கடையில்லை, காணியுமில்லை. பங்கிட ஒன்றும் இல்லாதபோது பங்காளியும் இல்லை. அண்ணன் ஓர் ஊரில், தம்பி ஓர் ஊரில் எனக் கூலி அழைத்த இடத்துக்கு இருவரும் சென்றனர். பழைய நகரத்தான் சகோதரனுக்கு அஞ்சினான். புதிய நகரத்தான் சகோதரனுக்காக ஏங்குகின்றான்.

1980கள் முதலாக வளர்ந்த நகர மாயப்புனைவிலே இவ்வேக்கம் வெளிப்படையாகத் தெரிகின்றது. எம்மா புல் எழுதி 1987இல் வெளிவந்த 'வார் ஃபோர் தி ஓக்ஸ்' மினியாபொலிஸ் நகரத்தைத் தேவதைகளின் போர்க்களமாக்கிற்று. ஜிம் புட்சர் 2000இல் தொடங்கிய நாவல் வரிசையின் நாயகன் ஹரி டிரெஸ்டென், சிக்காகோ நகரில் வாடகைக்குக் குடியிருக்கும் மந்திரவாதி. தாய் தந்தையை இளமையிலேயே இழந்தவன். 2004இல் வெளிவந்த ஆறாவது நாவலிலே, தோமஸ் என்பவன் தன் தாய்வயிற்றுச் சகோதரன் என்பதை அவன் அறிகின்றான். தோமஸ் செல்வமும் அதிகாரமும் மிக்க இரத்தக்காட்டேரிக் குடும்பத்தின் வாரிசு. அவன் அக்குடும்பத்தால் ஒதுக்கப்பட்டுச் செல்வத்தை இழந்த பின்னரே, அண்ணனும் தம்பியும் ஒரே நிலவறை வீட்டில் வாழ்கின்றனர். ஜூதர் கதையிற் சொத்து வந்து சகோதரத்தை அழித்தது. இங்கே சொத்துப் போனதும் சகோதரம் பிறக்கின்றது.

நீல் கைமன் 2005இல் வெளியிட்ட 'அனான்சி பாய்ஸ்' என்னும் நாவலும் இத்தகையதே. இலண்டன் அலுவலகமொன்றிற் கணக்கெழுதும் சார்லி, தந்தை இறந்த பின்னர்தான் அவர் அனான்சி என்னும் சிலந்தித் தெய்வம் என்பதையும், தனக்கு ஸ்பைடர் என்றொரு சகோதரன் உண்டு என்பதையும் அறிகின்றான். வந்த சகோதரன் அவனது அறை, வேலை, காதலி எல்லாவற்றையும் கவர்கின்றான். பழைய கதையின் பகை மீண்டும் மூளுகின்றது. ஆனால் முடிவு வேறு. தந்தையின் தெய்வ ஆற்றல் முழுவதும் ஒருவனுக்கே போயிற்று என்ற எண்ணம் தவறென்று தெளிகின்றது. பாட்டும் கதையுமாகிய அவ்வாற்றல் இருவரிடமும் உண்டு; ஒருவனிடம் இருப்பதால் மற்றவனிடம் குறைவதில்லை. மூவாயிரம் தினாரை மூன்றாகப் பிரித்தால் ஆயிரமாகும். பாட்டை இருவர் பாடினால் அது அரைப்பாட்டாவதில்லை. மக்ரிப் நாட்டுச் சகோதரர் நூலைப்பற்றி அறியத் தவறியதை இந்நாவல் அறிந்திருக்கின்றது.

இப்புனைவுகளின் குறையையும் நாம் கூறவேண்டும். இவற்றிலே சகோதரனைக் கண்டடைபவன் பெரும்பாலும் அரிய குருதியுடையவன். தெய்வத்தின் மகன், மந்திரவாதியின் மகன். நகரத்தின் இலட்சக்கணக்கான ஏனையோர் நடப்பது எதுவென்றே அறியாமல் கடந்து செல்கின்றனர். எங்கெல்ஸ் கண்ட கூட்டம் இவற்றிலும் அப்படியே நிற்கின்றது. தனிமை என்னும் நோயை உணர்ந்தும், அதற்கு மருந்தைக் குருதியில் மட்டும் தேடுவது பின்னோக்கிய பார்வையாகும். ரொட்டிக் கடைக்காரரைக் கண்டவர்கள் அவரை மறந்துவிட்டனர் என்றே கூறத் தோன்றுகின்றது.

கப்பலிற் பிறந்த உறவு

அனான்சி கதைகள் வந்த வழியே இதற்கு விடை தருகின்றது. மேற்கு ஆபிரிக்காவின் அக்கான் மக்களுடைய கதைகள் அவை. அடிமைக் கப்பல்களிலே யமேக்கா முதலிய தீவுகளுக்கு அவை வந்தன. அவ்வாறு கொண்டுவரப்பட்டோர் தாயை, உடன்பிறந்தோரை, ஊரை இழந்தவர்கள். அவர்கள், தம்மோடு ஒரே கப்பலில் வந்தவரைக் 'கப்பற்றோழர்' என்று அழைத்தனர். அவ்வுறவு உடன்பிறப்புக்கு நிகராகப் போற்றப்பட்டது. ஒருவர் பிள்ளைகளை மற்றவர் தம் பிள்ளைகளாகக் கொண்டனர். அடிமை முறை ஒழிந்தபின் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கயானா, திரினிதாத் முதலிய இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரிடையிலும் 'ஜஹாஜி பாய்', அதாவது கப்பற் சகோதரன் என்ற உறவு பிறந்தது. ஒரே தட்டில் உண்ணாத சாதியினர், ஒரே கப்பல் தட்டில் உறங்கியதால் சகோதரராயினர். இவ்வுறவு எந்த மாயக்கதையிலும் வந்ததன்று, இது வரலாறு.

1847இல் இலண்டனிலே வரலாற்றுச் சிறப்புமிக்க மாற்றமொன்று நிகழ்ந்தது. 'எல்லா மனிதரும் சகோதரர்' என்பதைக் கொள்கை வாசகமாகக் கொண்டிருந்த நீதியாளர் கழகம், கம்யூனிஸ்ட் கழகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அப்போது அதன் பழைய வாசகம் நீக்கப்பட்டு, உலகத் தொழிலாளரை ஒன்றுசேர அழைக்கும் வாசகம் இடம்பெற்றது. சகோதரத்துவம் என்ற கருத்து அங்கு கைவிடப்பட்டது என்று நாம் கருதவில்லை. அது நிற்பதற்கு உரிய நிலம் அங்கு கண்டறியப்பட்டது. பிறப்பிலே நின்ற சகோதரத்துவத்தைப் பங்கு பிளந்துவிடும். உழைப்பிலே நின்ற சகோதரத்துவத்துக்குப் பிளக்கப் பங்கில்லை. பெருக்கப் பணி உண்டு.

நகரத்து மாயக்கதைகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோரும் உளர். அவற்றின் பூதங்களை மட்டும் கண்டு மகிழ்வோரும் உளர். இரு சாராரும் அக்கதைகளின் நடுவே நிற்கும் எளிய மனிதரைக் காணத் தவறுகின்றனர். அலிபாபாவின் கதையை வகுப்பிற் கூறும்போது குகையின் பொன்னைப்பற்றிக் கேட்கும் மாணவருக்கு, கொழுப்புத் தடவிய அளவுபடியைப்பற்றியும் நாம் கூறவேண்டும். ஜூதரின் மோதிரத்தைப்பற்றிக் கேட்போருக்கு, போறணையின் முன்னால் நீட்டப்பட்டுத் திருப்பிக் கொடுக்கப்பட்ட அந்த வலையைப்பற்றியும் கூறவேண்டும். மோதிரத்தை ஆசியா உடைத்துவிட்டாள், பையையும் கிழித்துவிட்டாள். கதை முடிந்த பின்னரும் மிஞ்சியிருப்பது அந்த வலைதான்.